ஒத்துப் பார்க்கிற பால்

பள்ளிக்கூட விடுதிச் சமையல்காரர் சிலுவைராஜ் பால் கேனின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டு, "டீச்சர் வேண்டாம்னுட்டாங்க வள்ளியக்கா, நான் என்ன செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பக்கத்தில் கிடந்த முட்டைக்கோஸைப் பார்த்தார். சண்முகவள்ளிக்கு முதலில் விளங்கவில்லை. பஸ் ஓடாத நாட்களில் கொட்டும் மழையில் வில்பட்டியிலிருந்து நடந்தே பாலைக் கொண்டுவந்து சேர்த்தவள் அவள். பால் நேரம் கழித்துப் போயிருக்கிறது, குறைவாகப் போயிருக்கிறது, கொண்டுபோன பால் திரும்பி வந்ததில்லை. கொடைக்கானல் கடைத்தெரு வழியாக நிறைந்த கேனைச் சும்மாட்டில் சுமந்துகொண்டு திரும்பி நடந்தபோது, டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் தன்னையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. உண்மையிலும் பார்த்தார்கள்தான். அவள் பாலைப் பற்றி ஊருக்கே தெரியும். தெரியவைத்தவளும் அவள்தான்.

விஷயம் இதுதான். எங்கோ கடற்கரையோரம் ஓர் அணுமின் நிலையம். அதை ஓட்டுவதற்குக் கொடுத்திருந்த உரிமம் முடியப்போகிறது. புதுப்பிப்பதற்கு முன்னால், நிலையத்தைச் சுற்றியுள்ள மண், தண்ணீர், மீன், பால் எல்லாம் கெட்டிருக்கிறதா என்று ஆராய்ந்து சொல்லவேண்டும். கெடாத ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தால்தானே கெட்டது தெரியும். அப்படிக் கெடாத இடத்தைத் தேடித்தான் பரிசோதனைக் கூடத்திலிருந்து உபகாரம் என்ற அதிகாரி ஜீப்பில் மலையேறி வந்தார். வில்பட்டியில் மாடு வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் கீழே கன்னிவாடிப் பக்கமிருந்து வைக்கோலும் பிண்ணாக்கும் வரவழைத்துப் போட்டார்கள். சண்முகவள்ளி தன் மாட்டை மலைப்புல்லைத் தவிர வேறெதையும் தொடவிட்டதில்லை. சிக்கனம்தான் காரணம். ஆனால் அதிகாரி அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு அவள் மாட்டைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து, சிக்கனம் கொள்கையாகிவிட்டது.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மாதா மாதம் ஜீப் வந்து கொஞ்சம் பாலும் ஒரு கட்டுப் புல்லும் வாங்கிப் போகும். அவள் அதைப் பஸ் ஸ்டாப்பில் சொன்னாள், பூண்டு உரிக்கப் போன இடத்தில் சொன்னாள், இழவு வீட்டிலும் இடம் பார்த்துச் சொன்னாள். நாட்டிலேயே சுத்தமான பால் தன்னுடையது என்றும், அதைப் பார்த்துத்தான் அணுநிலையத்துக்கே உத்தரவு போடப்போகிறார்கள் என்றும் சொன்னாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். முந்தின வருஷம் ரஷ்யாவில் அணுஉலை வெடித்து, எங்கெங்கோ பாலைக் கீழே கொட்டினார்கள் என்று பேப்பரில் வந்ததைப் படித்தவர்கள் கொடைக்கானலில் நிறையப் பேர் இருந்தார்கள். விடுதியில் பிள்ளையை விட்டிருந்த ஒரு தகப்பன், ஒன்றுமில்லாத பாலை அணுநிலையத்துக்காரன் எதற்கு மாதா மாதம் வந்து சோதிக்கிறான் என்று கேட்டுவிட்டார். வார்டன் சகாயராணி டீச்சர் உடனே பாலை நிறுத்தச் சொல்லிவிட்டார். கேள்வி நியாயமான கேள்விதான் என்பதுதான் கஷ்டம்.

அன்றைய பாலை உறை ஊற்றினாள். மறுநாள் பாலையும். விடுதி வேண்டாமென்ற பாலை டீக்கடைக்காரனும் வேண்டாமென்றான். வீடே அந்த மாட்டின் மடியை நம்பித்தான் இருந்தது. கொழுந்தன் திருமலைச்சாமி நல்ல யோசனை சொல்வதாக நினைத்துக்கொண்டு, மாடு வற்றிப்போச்சு என்று சொல்லி ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னான். ஜீப் வருவது நின்றால் பேச்சும் நின்றுவிடுமாம். சண்முகவள்ளிக்கு ஆத்திரம் பொங்கியது. கறக்கிற மாட்டை வற்றிப்போனது என்று சொல்வதற்கு அவளுக்கு வாய் வராது. அதைவிட, ஜீப்பை விரட்டினால் பாலில் ஏதோ இருந்தது என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"அந்தாளு கூட்டிட்டு வந்த பேச்சு. அந்தாளே வந்து தீர்த்துட்டுப் போகட்டும்" என்றாள்.

ஜீப் வரும் நாளில் வெள்ளனே பாலைக் கறந்து, பரிசோதனைக்கு உள்ளதை வீட்டில் மூடி வைத்துவிட்டு, மீதிக் கேனோடு ரோட்டில் வந்து நின்றாள். உபகாரம் கீழே இறங்கினதுமே அவள் முன்சீட்டில் ஏறியாயிற்று. முதலில் விடுதிக்குப் போகவேண்டும், மற்ற சோலியெல்லாம் பிறகு என்றாள். அவர் ஒல்லியான, சாந்தமான மனிதர், எதையும் இல்லையென்று சொல்லத் தெரியாதவர். பின்சீட்டில் காலிக் கேன்களுக்கு நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

சகாயராணி டீச்சர் அவர்களைச் சாப்பாட்டுக்கூடத்தில் உட்காரவைத்தார். உபகாரம் விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார், அதுதான் வினை. உரிமம், மறுஆய்வு, ஒப்பீடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இந்தப் பாலில் இருக்கிற கதிர்வீச்சு அனுமதித்த அளவுக்கு மிக மிகக் கீழே என்று முடித்தார். டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப கொஞ்சம் இருக்குங்கிறீங்க?"

உபகாரம் பொய் சொல்லத் தெரியாதவரும்கூட. பெரிய நாடுகள் அந்தக் காலத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த தூசி மழையோடு இறங்கி உலகத்தில் எல்லாப் பாலிலும் துளியூண்டு இருக்கிறது, டீச்சர் குடிக்கிற பாலிலும் இருக்கிறது என்றார். டீச்சரின் முகம் இன்னும் இருண்டது. சண்முகவள்ளிக்கு அவர் வாயைப் பொத்தினால் தேவலை போலிருந்தது.

டீச்சருக்குக் கெட்ட மனசு இல்லை. பிள்ளைகளை நம்பி விட்டுப் போயிருக்கிறார்கள் என்ற பயம்தான். "சார், கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். பேரண்ட்ஸ் கேட்டா நான் கண்ணால பார்த்ததைத்தான் சொல்ல முடியும். நீங்க இந்தப் பாலைக் குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

உபகாரம் உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தாமதத்தில் சிலுவைராஜே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டார். "எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பால் ஒத்துக்காது மேடம். குடிச்சா வாந்தி வந்துரும்" என்றார் உபகாரம், மெதுவாக. அது உண்மை. ஆனால் அந்தக் கூடத்தில் அதை நம்ப ஆள் இல்லை. டீச்சர் எழுந்துகொள்ளப் போனார். ஊரெல்லாம் வாயாடிய சண்முகவள்ளி உபகாரத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமலோ என்னவோ, அவர் சிலுவைராஜிடம், "இதுல ஒரு தம்ளர் காய்ச்சிக் கொண்டாங்கண்ணே" என்றார்.

சீனி போடாத பால், விளிம்பு வரைக்கும். மருந்து குடிப்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். டீச்சர் தம்ளரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு சிலுவைராஜிடம் தனக்கும் ஒன்று கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டு, "நாளைக்கு வழக்கம்போலக் கொண்டாங்க வள்ளி" என்றார்.

ஜீப் வெளிக்கேட்டைத் தாண்டும் வரை உபகாரம் சிரித்த முகமாகவே இருந்தார். கடைத்தெருவில் வேர்க்கத் தொடங்கியது. "வெரசாப் போப்பா, வெரசா" என்று சண்முகவள்ளி டிரைவரை விரட்டினாள். இந்த ஊரில் எங்கே வாந்தி எடுத்தாலும் சாயங்காலத்துக்குள் விடுதிக்குச் செய்தி போய்விடும். வில்பட்டி ரோட்டில், தைல மரங்கள் அடர்ந்த வளைவில்தான் அவரால் இறங்க முடிந்தது. அதே நேரம் பார்த்து மேலேயிருந்து டவுனுக்குப் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சண்முகவள்ளி டிரைவரிடம் பானெட்டைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். தன் போர்வையை இரண்டு கையாலும் விரித்து உதறிக் காயப்போடுகிறவள் மாதிரி அவருக்கு மறைப்பாக நின்றாள். பஸ் டிரைவர் வேகத்தைக் குறைத்து, என்ன ஆச்சு என்று கேட்டான். பல் கிட்டுகிற அந்தக் குளிரில், "வண்டி சூடாயிருச்சுப்பா, நீ போ" என்றாள்.

பஸ் போனதும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவர் வாய் கொப்பளித்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவளுக்கு அவர்மேல் பெரிய பிரியம் வந்துவிட்டது.

"எம்பாலை ஒத்துப் பாக்குறீங்களே, அங்க யாரு பாலு சார் அது?"

"நிலையத்துக்குப் பக்கத்து ஊர்ல கந்தம்மாள்னு ஒருத்தங்க. ரெண்டு மாடு வச்சிருக்காங்க."

"அவ பாலு எப்படி இருக்கு?"

"இதுவரைக்கும் உங்க பாலு மாதிரியேதான் இருக்கு. ஒரு வித்தியாசமும் இல்ல."

"வாங்குறவங்க வாங்குறாங்களா?"

உபகாரம் யோசித்தார். போன மழைக்காலத்தில் அந்த அம்மாள் ஏதோ குறை சொன்னது ஞாபகம் வந்தது. மீனவர் தெருவில் யாரும் இப்போது தன்னிடம் பால் எடுப்பதில்லை என்று சொன்னாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே கேனை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். ஆய்வில் அதற்கு இடம் இல்லை. அதை இவளிடம் சொன்னார்.

"நீங்க அவ பாலைக் குடிச்சுக் காட்டலாம்ல?"

"எனக்குப் பால் ஒத்துக்காதும்மா."

"இங்க மட்டும் ஒத்துக்கிச்சா? குடிச்சீங்கல்ல."

அவர் எழுந்து ஜீப்பில் ஏறினார். வீட்டில் பாலை அளந்து வாங்கினார், புல்லைக் கட்டினார், சீட்டு ஒட்டினார், வழக்கமான வேலை எல்லாம் நடந்தது. கிளம்பும்போது சண்முகவள்ளி உள்ளே போய்த் தன் எவர்சில்வர் தம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அதை வாங்கி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பின்சீட்டில் கந்தம்மாளுக்கென்று வைத்திருந்த காலிக் கேன் இருந்தது. அதன் மூடியின்மேல் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார். ஜீப் இறக்கத்தில் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. கேனின்மேல் தம்ளர் மோதுகிற சத்தம் வளைவு திரும்புகிற வரைக்கும் கேட்டது.