நான்காம் விரல், ஐந்தாம் விரல்

நான் ராகுலன். வயது இருபத்து மூன்று. கொழும்பு வெள்ளவத்தையில், லொட்ஜின் மூன்றாம் மாடி அறையில் இருக்கிறேன். சாம்பவி அக்கா, நான் சொல்லச் சொல்லப் போன் எழுதுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

வலக்கை சுகம் என்று போன மாதம் சொன்னேன். அது பொய்யில்லை. அப்போது நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒருகொடவத்தை யார்டில் கொள்கலன் கதவு என் முழங்கைக்குக் கீழே நசுக்கியது உனக்குத் தெரியும். தையல் பிரித்த பிறகும் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போயே இருந்தன. "விரலுகளுக்கு வேலை குடுங்கோ" என்றார் டொக்டர். மூன்று மாதத்தில் கை சரிவந்தால் திரும்பவும் பாரம் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டியை ஓட்ட விடுவதாக யார்டில் சொன்னார்கள். இல்லாவிட்டால் வேலை இல்லை. ரப்பர் பந்தை அமுக்கி அலுத்துப்போய், கொட்டாஞ்சேனையில் யூஜினா என்ற பெண் நடத்தும் பியானோ வகுப்பில் சேர்ந்தேன். அவளுக்கும் என் வயதுதான். படிப்பவர்களில் என்னைத் தவிர எல்லாரும் சின்னப் பிள்ளைகள்.

பியானோவில் பெருவிரல் ஒன்று, சின்னவிரல் ஐந்து. ஐந்து விரலாலும் ஐந்து கட்டைகளை வரிசையாக அமுக்க வேண்டும். எனக்கு மூன்றோடு சத்தம் நின்றுவிடும். நாலும் ஐந்தும் கட்டையின் மேல் சும்மா கிடக்கும்.

"அங்கிள், உங்கட ரெண்டு விரல் தூங்குது. தண்ணி தெளிச்சுப் பாருங்களேன்," என்றாள் பக்கத்தில் இருந்த ஏழு வயது பர்ஹா.

யூஜினா அவளை அதட்டிவிட்டு என்னிடம் சொன்னாள்: "விரலால குத்தாதீங்க ராகுலன். கைப் பாரத்த அப்படியே இறக்குங்க."

இறக்கினேன். நாலாவது கட்டை ஒலித்தது. ஐந்தாவதும் ஒலித்தது. ஆறாம் வாரம் ஐந்தும் ஒரே அளவாகக் கேட்டன. பர்ஹாகூடக் கை தட்டினாள். அன்றைக்குத்தான் உங்களுக்குப் போன் எடுத்தேன். அம்மா அழுதார்.

யூஜினாவைக் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னாள்.

திங்கட்கிழமை யார்டில் சோதனை. "ஏறுங்க பியானோ மாஸ்டர், வாசிச்சுக் காட்டுங்க பாப்பம்," என்று சிரித்தார் சூப்பர்வைசர் ஷிஹான். லீவரை விரல்களால் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். விரல் பிடிக்கவில்லை. பியானோவில் பழகின மாதிரியே முழுக் கையின் பாரத்தையும் போட்டேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்க, தூக்கியிருந்த டைல் பெட்டிகள் சரிந்து ஷிஹானின் காலடியில் நொறுங்கின.

அவர் ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தம்பி, இறங்குங்க. யாரையாவது கொன்னுடுவீங்க. இனி உங்கள ஏத்த ஏலா."

நேற்று டொக்டர் என் கடைசி இரண்டு விரல்களுக்கும் இடையில் ஒரு தாளை வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். மெல்ல இழுத்தார். தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"நான் பியானோவில அஞ்சு கட்டையும் அடிக்கிறனான், டொக்டர்."

"கை அடிக்குது தம்பி. விரல் அதில தொங்கிக்கொண்டு போகுது."

நரம்பில் ஒரு ஒபரேஷன் செய்ய வேண்டுமாம். செய்தாலும் பலம் முழுதாகத் திரும்பாதாம். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்கிறார்கள்.

அம்மாவுக்கு மூன்று தரம் போன் எடுத்து, குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். அக்கா, நீயே அவருக்குச் சொல். சொல்லிவிட்டு, வியாழக்கிழமைக்குள் இங்கே வந்துவிடு.