ஐந்தடி ஒன்று

உயரம் அளந்த பிறகுதான் பந்தையே கையில் தருவோம் என்றார்கள். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

சென்னையில் பெண்களுக்கென்று புதிதாக ஒரு கூடைப்பந்து அணி தொடங்குகிறார்கள். ஆடுவதுதான் வேலை, அதற்குத்தான் சம்பளம். டெல்டா பக்கத்திலிருந்து இரண்டு பேரை எடுக்கப் பஞ்சநதம் சார் தஞ்சாவூர் மைதானத்துக்கு வந்திருந்தார். ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர், ஆறடி மூன்று அங்குலம். சுவரில் ஐந்தடி ஆறு அங்குலத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். தலை கோட்டைத் தொட்டால் மைதானத்துக்குள் போகலாம். தொடாவிட்டால் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

என் தலை கோட்டுக்கு ஐந்து அங்குலம் கீழே நின்றது. சார் என்னைப் பார்க்கக்கூட இல்லை, பழத்தை நீட்டினார். இது உயரமானவர்கள் ஆட்டம், வருத்தப்படாதே என்றார். வருத்தமா? வயிறு எரிந்தது. வயது வரம்பு இருபத்தைந்து. எனக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து முடிகிறது. இன்றைக்கு விட்டால் ஒரத்தநாட்டில் மருந்துக்கடையில் மாத்திரை அட்டை வெட்டிக் கொடுத்தே காலம் போய்விடும்.

எனக்கு முன்னால் நின்ற குந்தவை ஆறடி ஒன்று. பட்டுக்கோட்டைக்காரி, தேங்காய் மண்டி வைத்திருக்கும் வீட்டுப் பெண். பந்தைத் தொட்டு எட்டே மாதம்தான் ஆகிறது என்று அவளே சொன்னாள். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை. அவள் சுவரில் சாய்ந்ததுமே சார் பேனாவை எடுத்துவிட்டார். நான் பதின்மூன்று வருடமாக ஆடுகிறேன். பழத்தை அவர் மேசையிலேயே திருப்பி வைத்தேன்.

"சார், ஒரே ஒரு ஆட்டம். நானும் இவளும். முழு மைதானம். அவங்கவங்க பந்தை அந்தக் கோடியிலேருந்து அவங்கவங்களே கொண்டாரணும். முதல்ல அஞ்சு கூடை போட்டவங்க ஜெயிச்சாங்க. தோத்தா இந்தப் பழத்தைத் தின்னுட்டு பஸ் ஏறிடறேன்."

சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். வேடிக்கை பார்க்கிற ஆசையில்தான் சம்மதித்தார், அது எனக்கு நன்றாகவே தெரியும்.

முதல் பந்து என்னுடையது. வளையம் வரை ஓடி எம்பினேன். குந்தவை எம்பக்கூட இல்லை. கையைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினாள், பந்து கம்பிவேலிக்குப் போய்விட்டது. அவள் முறை வந்தபோது நான் மிரண்டு தள்ளி நின்றேன். நிதானமாக வந்து, வளையத்துக்குக் கீழே நின்று, அலமாரியில் சாமான் வைப்பது போல வைத்தாள். அடுத்த சுற்றும் அப்படியேதான். இரண்டு, பூஜ்யம். உயரம் பெரிய விஷயம் இல்லை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வளையத்துக்குக் கீழே நின்று பார்த்தால்தான் தெரியும்.

நான் பந்து தட்டிப் பழகியது எங்கள் ஊர் நெற்களத்தில். ஊரில் சமமான சிமெண்ட் தரை அது ஒன்றுதான். அறுவடைக் காலத்தில் களம் முழுக்க நெல் குவிந்து கிடக்கும், நடுவே ஒரு முழ அகலத்தில் சந்து. ராத்திரி யாரும் நெல்லை அள்ளிவிடக் கூடாது என்று குவியலைச் சுற்றிச் சாம்பலால் கோடு போட்டு வைப்பார்கள். கோடு கலைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்குப் பன்னிரண்டு வயதில் என் பந்து உருண்டு போய் துரைராசு வீட்டுக் குவியலின் கோட்டைக் கலைத்துவிட்டது. பந்து பட்டது என்று நான் கத்திச் சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை. அங்கே தூற்றிக்கொண்டிருந்த என் அம்மாவை, அத்தனை பேர் முன்னால், மடியை உதறிக் காட்டச் சொன்னார். அம்மா உதறிக் காட்டினாள். பதர்தான் விழுந்தது.

அதற்குப் பிறகும் நான் களத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. போகாமல் இருந்தால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடாதா? அதே சந்தில், அதே குவியல்களுக்கு நடுவே தட்டினேன். முழங்கால் உயரத்துக்கு மேல் பந்தை எழும்ப விடவில்லை. அதன்பின் ஒரு கோடுகூட என்னால் கலைந்ததில்லை.

மூன்றாவது சுற்றில் பந்தை அந்த உயரத்துக்கு இறக்கினேன். குந்தவை குனிந்தாள், குனிந்துகொண்டே ஓட வரவில்லை. வளையத்துப் பக்கமே நான் போகவில்லை. அவள் அங்கே காத்திருக்க, பாதியிலேயே நின்று எறிந்தேன். வலையில் விழுந்தது. அவள் பந்தைத் தட்டி வந்தபோது இந்த முறை ஒட்டிக்கொண்டேன். அவள் இடுப்பு வரை எழும்பும் பந்து என் நெஞ்சுக்கு நேரே அல்லவா வருகிறது! பிடுங்கிக்கொண்டு ஓடி, கூடையில் போட்டேன். இரண்டு, இரண்டு. ஒரே ஒரு முறை தப்பி வளையத்தடிக்குப் போனாள், போட்டும்விட்டாள். அதோடு சரி. ஐந்து, மூன்று. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

குந்தவைக்கு மூச்சு வாங்கியது. முட்டியில் கையை ஊன்றிக்கொண்டே சொன்னாள்: "சார், இந்த அக்கா வரலைன்னா எனக்குப் பந்தை யாரு சார் கொண்டாந்து குடுப்பா?"

பஞ்சநதம் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு விண்ணப்பத்தை எடுத்தார். பெயர் கேட்டார், செம்மொழி என்றேன். மளமளவென்று எழுதி என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடச் சொன்னார். உயரம் என்ற இடத்தில் ஐந்தடி ஆறு என்று இருந்தது. சென்னையில் இருப்பவர்கள் காகிதத்தைத்தான் பார்ப்பார்கள், கம்மியாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், உன் நல்லதுக்குத்தான் என்று தணிந்த குரலில் சொன்னார்.

நல்லதுக்குத்தான், தெரியும். கையெழுத்துப் போட்டால் வேலை நிச்சயம். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மடியை உதறிக்கொண்டு நின்ற அம்மா கண்ணுக்குள் வந்தாள். பேனாவை வாங்கி அந்த எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் ஐந்தடி ஒன்று என்று எழுதினேன்.

"இல்லாத அஞ்சு அங்குலத்தைத் திருடிக்கிட்டுப் போகச் சொல்றீங்களா சார்? ஜெயிச்சது இந்த உயரம். அவங்களுக்குச் சந்தேகம்னா ஆளை அனுப்பச் சொல்லுங்க, ஆடிக் காட்டறேன்."

சார் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து அப்போதுதான் முதல் முறையாக முகத்தைப் பார்த்தார். அடித்தல் திருத்தல் இருந்தால் ஆள் எடுக்கிற அதிகாரியே அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் காகிதம் செல்லாது. காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவைத் திருப்பி வாங்கி, ஐந்தடி ஒன்றுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.