இரண்டு சான்சூசிகள்

தடை உண்டா என்று கேட்டு மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் இரண்டாவதைச் சாமியார் வாசித்து முடிப்பதற்குள் தெயோடுல் பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். ஐம்பது வருஷமாகப் பூசையில் தூங்கியே பழகிய மனிதருக்கு அன்றைக்கென்று பார்த்து விழிப்பு வந்திருந்தது.

"சாமி, இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது! இவ மார்த்தினோ, அவன் பெல்ரேன்னு இப்பத்தான் வேற வேற பேரு. அந்தக் காலத்துல ரெண்டு குடும்பத்துக்கும் பட்டப்பேரு சான்சூசி. ஒரே ரத்தம்!"

மொத்தக் கோவிலும் கல்யாணப் பெண் தெலிமாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் மாப்பிள்ளை ஓவிடைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தான்.

பூசை முடிந்ததும் சாமியார் அவளைக் கூப்பிட்டார். "உறவுன்னா ஆயர்கிட்ட விலக்கு வாங்கணும்மா. கியூபெக்லேர்ந்து பதில் வர ஒன்றரை மாசம் ஆகும். ரெண்டு வாரத்துல திருவருகைக்காலம். அப்ப கல்யாணமே கிடையாது."

"அதுக்குள்ள ஓவிட் மரம் வெட்டக் காட்டுக்குப் போயிடுவாரு சாமி. பனி உருகினாத்தான் திரும்புவாரு."

"வரட்டுமே. முப்பத்திரண்டு வருஷம் காத்திருந்தவளுக்கு இப்ப என்ன அவசரம்?"

அவசரம் அவள் வயிற்றில் இரண்டு மாதமாக இருந்தது. பனி உருகும்போது ஊரே அதைப் பார்க்கும்.

"கோவில் கல்யாணப் பதிவுப் புத்தகங்களைக் குடுங்க சாமி. உறவு இருக்கான்னு நானே தேடறேன்."

கண்ணில் புரை விழுந்த சாமியார், விட்டால் போதுமென்று கொடுத்துவிட்டார்.

மூன்று நாள் சாமியார் வீட்டுச் சமையலறையில் அவளால் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. ஒரு பக்கம் படிப்பாள், எழுந்து அடுப்பில் விறகு போடுவாள், ஜன்னலோரம் போய் ஆற்றில் மிதக்கும் பனிக்கட்டியைப் பார்ப்பாள், மறுபடி வந்து அதே பக்கத்தைப் படிப்பாள். புதன்கிழமை ஓவிட் ஜன்னலைத் தட்டினான்.

"ஏதாவது கெடைச்சுதா?"

"ஒங்க தாத்தா ரெண்டு கல்யாணம் பண்ணியிருக்காரு. அதான் கெடைச்சுது. போ, போய்க் கோடாலியத் தீட்டு."

வியாழனன்று கிடைத்தது. பிரான்ஸிலிருந்து வந்த இரண்டு சிப்பாய்கள். மார்த்தினோ கடலோரத்து ஆள், பெல்ரேன் மலைப்பக்கத்து ஆள், வெவ்வேறு படைப்பிரிவு. படையில் இருவருக்கும் வைத்த பட்டப்பேர் சான்சூசி, பிரெஞ்சில் கவலையில்லாதவன். படைக்கு ஒரு கவலையில்லாதவன் இருந்திருக்கிறான். தளபதிகளின் கற்பனை அவ்வளவுதான். தெலிமா வாய்விட்டுச் சிரித்தாள்.

அத்தோடு மூடியிருக்கலாம். கை கேட்கவில்லை. தாய்வழியையும் பார்த்துவிடுவோமே என்று புரட்டினாள். அந்தப் புத்தகங்களில் ஒரு பெண் கல்லறைவரை அப்பன் வீட்டுப் பெயரில்தான் இருப்பாள், தேடினால் தப்ப முடியாது. தாய், தாயின் தாய் என்று இரண்டு பக்கமும் ஏறிப்போனால் நான்காவது படியில் ஒரே பெயர் நின்றது: பெர்பெத்யூ லெமியூ. மூத்த மகள் வழியில் ஓவிட். கடைசி மகள் வழியில் அவள்.

நான்கு படிவரை திருச்சபை தடுக்கும் உறவுதான். பெரியப்பா தப்பான காரணத்தைச் சொல்லிச் சரியாகக் கத்தியிருக்கிறார். ஆனால் அவர் இதைக் கண்டுபிடிக்கப்போவதில்லை. வாழ்நாளில் எந்தப் பெண்ணிடமும் அவள் வீட்டுப் பெயரைக் கேட்டவரில்லை அவர்.

சாமியார் புகையிலைக் குழாயைப் புகைத்தபடி உள்ளே வந்தார். "என்னம்மா, உறவா?"

"சான்சூசி ரெண்டு பேரு சாமி. சம்பந்தமே இல்ல."

"தாய்வழி பார்த்தியா?"

"பார்த்தேன்." அவள் புத்தகத்தை மூடினாள். "ஒண்ணுமில்ல."

ஞாயிறன்று மூன்றாவது ஓலைக்குப் பெரியப்பா தூங்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை கல்யாணம் முடிந்தது. சாமியார் பதிவுப் புத்தகத்தில் மூக்கு படாத குறையாகக் குனிந்துகொண்டு கேட்டுக் கேட்டு எழுதினார். மாப்பிள்ளையின் தாய் பெயர், அவள் பிறந்த வீட்டுப் பெயர். பெண்ணின் தாய் பெயர், அவள் பிறந்த வீட்டுப் பெயர். இந்த இரண்டு பெயர்களைப் பிடித்துக்கொண்டு பெர்பெத்யூவிடம் போய்ச் சேர தெலிமாவுக்கு அரை நாள்தான் ஆனது. வயிற்றில் இருப்பதற்கும் ஒருநாள் தேடும் ஆசை வரலாம்.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

"எனக்குக் கண்ணு சரியில்ல. சரியா எழுதியிருக்கேனா பாரும்மா," என்றார் சாமியார்.

தெலிமா பார்த்தாள். ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை.