தலைதீபாவளிக்கு ஒரு பைனாகுலர்

மாப்பிள்ளைக்குத் தலைதீபாவளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டனுப்பியதற்கு, பைனாகுலர் என்று பதில் வந்த அன்றுதான் வைரவனுக்கு அவனைப் பிடிக்காமல் போயிற்று என்று சொன்னால் அது பொய். அதற்கு முன்பே பிடிக்காது. பெண் பார்க்க வந்த அன்று முத்துலட்சுமி காபித் தட்டோடு வந்து நிற்கிறாள், இந்த ஜவஹர் ஜன்னல் வழியாக வேப்பமரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மரத்தில் ஏதோ குருவியாம். என் தங்கச்சி நிற்கும்போது உனக்குக் குருவி கேட்கிறதா என்று வைரவன் அன்றைக்கே பல்லைக் கடித்தான்.

ஜவஹர் மயிலாப்பூரில் பேங்கு குமாஸ்தா. சொந்தத்துக்குள்ளேயே தேடிப் பிடித்த சம்பந்தம். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, சம்பளத்தை அப்படியே தாயார் கையில் கொடுக்கிற பிள்ளை. குறை சொல்ல ஒன்றும் அகப்படாததுதான் வைரவனுக்குப் பெரிய குறை. உண்மையைச் சொன்னால் அந்த இடத்தில் யார் வந்திருந்தாலும் பிடித்திருக்காது. அம்மா சண்முகவடிவு நோவில் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில், முத்துலட்சுமிக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு, சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் அவன். தனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அவன் உயிரை வைத்திருந்தது தங்கச்சி மேல்தான். அவளைக் குருவி பார்க்கிறவன் ஒருத்தன் கூட்டிக்கொண்டு போனதை அவனால் செரிக்க முடியவில்லை.

ஊரில் தலைதீபாவளிக்கு மோதிரம் கேட்பான், கைக்கடிகாரம் கேட்பான், கொஞ்சம் வசதியான இடம் என்றால் ஸ்கூட்டர் கேட்பான். பைனாகுலர் கேட்டவனைப் பற்றி யாராவது கேள்விப்பட்டதுண்டா? அடையாற்று முகத்துவாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பறவை பார்க்கிறானாம், அதற்காம். பறவையா, இல்லை அடுத்த வீட்டு மொட்டைமாடியா என்று வீட்டுக்குள் முதலில் கேட்டவன் வைரவன். அப்பா தனபாலன் முறைத்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் துணிக்கடை போட்டு நிமிர்ந்த மனுஷர், வாய்க்கு வந்ததைப் பேசிப் பழக்கமில்லை. பொருள் மாப்பிள்ளைக்கு, அவரே பார்த்து எடுக்கட்டும், நீ கூடப் போய் வாங்கிக் கொடு என்று மட்டும் சொன்னார்.

ராயப்பேட்டையில் ஹபீபுர் ரஹ்மான் கடை. பழைய காமிரா, கடிகாரம், வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். ஜவஹர், முத்துலட்சுமி, வைரவன் மூன்று பேரும் போனார்கள். ஜவஹர் எடுத்த எடுப்பில் ஒரு கறுப்புச் சாமானைத் தூக்கினான். ஓரமெல்லாம் பூச்சு தேய்ந்து பித்தளை பல்லிளித்தது, கழுத்தில் மாட்டுகிற வாரும் வேறெதிலிருந்தோ கழற்றிக் கோத்தது. 'எட்டு முப்பது' என்றார் ஹபீபுர் ரஹ்மான்; எட்டு மடங்கு கிட்டத்தில் காட்டும், முன்கண்ணாடி முப்பது மில்லிமீட்டர் என்று கணக்கு. வாசலில் நின்று எதிர்க் கட்டடத்து உச்சியில் உட்கார்ந்திருந்த பருந்தை அவன் பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் அதை முத்துலட்சுமி கழுத்தில் மாட்டி, அவள் கண்ணுக்குத் தக்கபடி திருகிக் கொடுத்தான். அவளுக்குப் பருந்தின் கண் தெரிந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வைரவனுக்குப் பழக்கமான சிரிப்புத்தான். ஆனால் அது இவ்வளவு நாளும் அவன் பக்கம் திரும்பிச் சிரித்த சிரிப்பு.

வைரவனின் கண் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. அங்கே ஒன்று இருந்தது பாருங்கள், முழங்கை நீளத்தில், பளபளவென்று, வெல்வெட்டு வைத்த பெட்டியோடு. புதுசு. 'இருபது அறுபது' என்றார் கடைக்காரர். காசு கொடுக்கிறவன் எவன் என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுகிற ஆள் அவர். பெரிய வீட்டு மாப்பிள்ளைக்கு ஏற்றது இதுதான் சார் என்று உடனே அவன் பக்கம் பேச்சைத் திருப்பினார்.

ஜவஹர் பொறுமையாகத்தான் சொன்னான். எண் கூடக்கூடக் கையில் நிற்காது, பார்க்கிற வட்டமும் சுருங்கிப்போகும், பறக்கிற பறவையை அதற்குள் பிடிக்கவே முடியாது, எட்டே தாராளம் என்றான். இருபதை வேண்டாமென்று எட்டைக் கேட்கிறவனை வைரவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. இவன் நமக்குக் காது குத்துகிறான் என்று முடிவு கட்டினான். கடையில் பட்டுப்புடவையின் சாயத்தை வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்பதுபோல, பெரியதைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனான். வாசல் தூணில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தான். எதிர்த்த கடைப் பலகை எழுத்து மூக்கில் வந்து இடித்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அதோடு, தலைதீபாவளித் தாம்பாளத்தில் எவனோ கழித்துப் போட்டதை வைத்தால் சொந்தக்காரன் காறித் துப்ப மாட்டானா?

"மச்சான், இது எனக்கு உதவாது. கை ஆடினா பறவையும் ஆடும்" என்றான் ஜவஹர்.

"ஆம்பளைக் கைன்னா ஆடாது மாப்ளை" என்றான் வைரவன்.

ஹபீபுர் ரஹ்மான் காது கேளாதவர் மாதிரிப் பெரியதைப் பொட்டலம் கட்டினார். முத்துலட்சுமி கழுத்திலிருந்து கறுப்புச் சாமானைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். 

தீபாவளி விடிந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுசு உடுத்தி, கூடம் நிறையச் சொந்தம். சண்முகவடிவு வெற்றிலைபாக்கு, பூ, பழம், வேட்டி எல்லாம் பரப்பிய தாம்பாளத்தின் நடுவில் பெரிய பைனாகுலரை நிற்க வைத்திருந்தாள். வீட்டுக்குப் புதுசாக எது வந்தாலும், தையல் மிஷினோ, பீரோவோ, சந்தனம் குங்குமம் வைக்காமல் அவள் யாரையும் தொட விடமாட்டாள். இதற்கு எங்கே வைப்பது என்று யோசித்திருக்கிறாள். இரண்டு பெரிய கண் இருக்கிறதே, போதாதா? ஒவ்வொரு கண்ணாடியின் நடுவிலும் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்துவிட்டாள்.

ஜவஹர் தாம்பாளத்தை வாங்கினான். கண்ணாடியைப் பார்த்தான். ஐயோ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, பையிலிருந்து கைக்குட்டையை உருவி, அத்தனை பேர் முன்னாலும் குங்குமத்தைத் துடைத்தான்.

 புதுப் பெண்டாட்டி பக்கத்தில் நிற்க, தலைதீபாவளி அன்று, ஒருத்தன் தன் கையால் குங்குமத்தை அழிக்கிறான். அவனுக்குக் கண்ணாடி கீறிவிடுமே என்ற பதைப்பு, வேறொன்றும் தோன்றவில்லை. சண்முகவடிவு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வைரவனுக்கோ இத்தனை மாதமாகத் தேடிய குறை தாம்பாளத்தில் வைத்துக் கிடைத்த மாதிரி. என் தங்கச்சி நெற்றியை அழிக்கிறாயா என்று சட்டையைப் பிடிக்கப் போனான். நாலு பேர் மறித்தார்கள். ஜவஹருக்கும் அப்போதுதான் வாய் திறந்தது. சாமானை மறுபடியும் தாம்பாளத்திலேயே வைத்து, இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கல்லாவில் உட்கார்ந்து எவன் துணி திருடுகிறான் என்று பார்க்க உதவும் என்றான். வைரவன் விடுவானா? நீ ஆற்றங்கரையில் எவளைப் பார்க்கப் போகிறாய் என்று ஊருக்கே தெரியும் என்று கத்தினான். ஊருக்கு ஒன்றும் தெரியாது. அவன் அந்த நிமிஷத்தில் கட்டியதுதான்.

முத்துலட்சுமி புருஷன் பக்கத்தில் போய் நின்றாள். அழவில்லை.

"எங்க வீட்டுக்காரரைச் சந்தேகப்படுத வாய், நாளைக்கு என்னையும் சந்தேகப்படும் அண்ணே" என்றாள்.

இலையில் கை வைக்காமல் இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் தி.நகர் வாசலை மிதிக்கவில்லை. கார்த்திகை போயிற்று, மார்கழி பிறந்தது. தைப்பொங்கல் வருகிறது, தலைப்பொங்கல்; கரும்பும் பானையும் மஞ்சள் குலையுமாகப் பொங்கல்படியை அண்ணன்காரன்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சண்முகவடிவு தினமும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பொங்கலுக்குள் போய் மன்னிப்புக் கேட்டு என் மகளைக் கூட்டி வா என்று தனபாலன் மகனிடம் சொல்லிவிட்டார். வைரவனுக்கும் தங்கச்சியைப் பார்க்காமல் சோறு இறங்கத்தான் இல்லை. ஆனால் அவனிடம் போய் மன்னிப்பா? பெரிய பைனாகுலர் பீரோ மேல் தூங்கிற்று. ஒரு நாள் மொட்டைமாடியில் நின்று எடுத்துப் பார்த்தான். தென்னைமரம் சாமி வந்தது போல ஆடியது. யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட்டான். தீபாவளி கழிந்த கையோடு உங்கள் மாப்பிள்ளை வந்து அந்தப் பழையதையே வாங்கிக்கொண்டு போனார் என்று ஹபீபுர் ரஹ்மான் ஒரு நாள் கடைக்குத் துணி எடுக்க வந்தபோது சொன்னதும் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது.

அந்தச் சமயத்தில்தான் சின்னப்பையன் வந்து சொன்னான். பேர்தான் சின்னப்பையன், ஆள் நாற்பதைத் தாண்டியவன். கடைக்குக் கைவண்டி இழுக்கச் சமீபத்தில் சேர்ந்தவன், அடையாற்றோரக் குடிசைவாசி. தீபாவளிக்கு முன்னால் கடைக்கு வந்துபோன ஜவஹரை அவனுக்குத் தெரியும், முத்துலட்சுமியை அவன் கண்டதில்லை.

"அண்ணாத்தே, தப்பா நெனச்சிக்காத. உங்க மாப்ள ஞாயித்துக்கெயமையானா ஆத்தாண்ட ஒரு பொம்பளையோட நின்னுகினு கீறாரு. தலையில துண்டு, ஆம்பள சட்ட. ரெண்டு பேரும் ஒரசிக்கினு நிக்கறாங்க" என்றான்.

வைரவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அடுத்தவன் குடி கெடுகிற சேதி கேட்டால் வருத்தம் வரவேண்டும். கெடுவது சொந்தத் தங்கச்சி குடி. இவனுக்கு வந்ததோ சந்தோஷம். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் மன்னிப்பு யார் யாரிடம் கேட்பது? முத்து வீட்டுக்கு வந்துவிடுவாள், நீங்க சொன்னது சரிதான் அண்ணே என்பாள். அதை நினைத்தே அவன் அந்த வாரம் முழுவதும் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னப்பையனைக் கூட்டிக்கொண்டு, வெல்வெட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனான். மணல்திட்டு, நடுவில் முழங்கால் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், அந்தப் பக்கம் சேறு. சேற்றில் உள்ளான் குருவிகள் கூட்டம் கூட்டமாய் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கும் அப்பால் இரண்டு உருவம். வெறும் கண்ணுக்கு ஆணா பெண்ணா என்பது மட்டும் தெரிந்தது.

வைரவன் பைனாகுலரைத் தூக்கினான். மணலில் ஊன்றிக்கொள்ள ஒரு தூணில்லை. சட்டைக் காலர் ஒன்று வட்டத்துக்குள் வந்து குதித்து வெளியே ஓடியது. துரத்திப் பிடித்தால் வானம் வந்தது, பிறகு தண்ணீர், பிறகு ஒரு முழங்கை. அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் ஓரத்தில் காய்ந்துபோய் இருந்ததால் ஒரு கண்ணில் எல்லாம் சிவப்பு மங்கலாக இருந்தது. கை வலித்தது, அதனால் இன்னும் ஆடியது. கடைசியில் ஒரு கணம் நின்றது: பெண்ணின் தோள், தோள்மேல் ஜவஹரின் கை. முகம் தெரியவில்லை. முகம் யாருக்கு வேண்டும்? வைரவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஜவஹர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை சொன்னான். தெருச்சண்டையில்கூடக் கூசிச் சொல்கிற வார்த்தை. இரண்டு தரம் சொன்னான், அடிவயிற்றிலிருந்து. குருவிகள் மொத்தமாக எழுந்து கடல்பக்கம் போயின.

அந்தப் பெண் திரும்பினாள். நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்த சின்னக் கறுப்புச் சாமானைக் கண்ணுக்குக் கொண்டுபோய், அவனை நேராகப் பார்த்தாள். அவள் கை ஆடவில்லை. பார்த்து முடித்து அதை இறக்கினாள். தலைத்துண்டை அவிழ்த்தாள். பின்னல் முதுகில் விழுந்தது.

அந்தப் பின்னலை வைரவனுக்கு எந்தக் கண்ணாடியும் இல்லாமல் தெரியும்.

கூட வரப் பார்த்த ஜவஹரைக் கையமர்த்திவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் இறங்கி அவள் நடந்து வந்தாள். சின்னப்பையன் எந்த வழியாகப் போனான் என்று தெரியவில்லை. வெயிலுக்கும் சேற்றுக்கும் புடவைமேல் புருஷன் சட்டையைப் போட்டிருந்தாள். கிட்டே வந்து நின்றாள்.

"நல்லாத் தெரிஞ்சுதா அண்ணே?"

 முத்து, நீன்னு எனக்குத் தெரியலம்மா என்றான் வைரவன்.

"வேற எவளா இருந்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லலாமோ?" என்று கேட்டாள். நனைந்த புடவை நுனியைப் பிழிந்தாள். பிறகு, "பொங்கப்படி கொண்டு வராதீங்க. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

வந்த வழியே தண்ணீரில் இறங்கினாள். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டால் உள்ளே போகுமுன் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாள், அது அவள் வழக்கம். அது ஒன்று போதும் என்று வைரவன் அவசர அவசரமாகப் பைனாகுலரைத் தூக்கினான். வட்டத்துக்குள் தண்ணீர் வந்தது, வானம் வந்தது, சட்டை ஒரு வெட்டு வெட்டி மறைந்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தும் எதுவும் நிற்கவில்லை. அவன் அதை இறக்குவதற்குள் அவள் புருஷன் பக்கத்தில் போய் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். நடுவில் ஒரு தரம் திரும்பினாளா இல்லையா என்பது அவனுக்குத் தெரியாமலே போய்விட்டது.