அடைப்புக்குறிக்குள் இரண்டு வருடம்

1

ஐந்தே காலுக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். சட்டையின் முன்பக்கத்துக்கு மட்டும் இஸ்திரி போட்டேன். குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. குடித்தேன். எழுத உட்கார்ந்தேன்.

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. கேட்டார்கள். என் மனைவி குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பொறியாளர். இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவளிடம் வேலை கற்ற ஆய்வகப் பெண் போன் செய்தாள். பெண் ஊழியர்களுக்காக ஒரு மலர் போடுகிறார்களாம், முதல் பக்கம் என் மனைவியைப் பற்றி.

"அக்காவுக்கு வீட்டுல எவ்வளவு துணையா இருந்தீங்கன்னு எழுதிக் குடுங்கண்ணா. அவங்க போஸ்ட்டுக்கு மறுபடி ஆள் எடுக்கிறாங்க. நானும் அப்ளிகேஷன் போடலாம்னு இருக்கேன். நீங்க எழுதுறத எங்க வீட்டுக்காரருக்கும் படிக்கக் குடுக்கணும்."

சரி என்றேன்.

2

தொடக்கம் ஒன்று: 'அவள் பிறவித் தலைவி.' (அடித்துவிட்டேன். வீட்டில் டிவி ரிமோட்டைக்கூட அவள் கேட்டதில்லை.)

தொடக்கம் இரண்டு: 'ஒவ்வொரு நாளும் நான் அவளிடம், நீ உயர வேண்டும் என்று' (முடிக்க வரவில்லை. இப்படியே கிடக்கட்டும்.)

தொடக்கம் மூன்று: ஆறு கண்ணாடிக் குவளைகள்.

இது அவள் நிலையத்தில் நான் பார்த்தது. மழைக்குப் பிறகு கலங்கி வரும் நீரை ஆறு குவளைகளில் ஊற்றுவார்கள். ஒன்றைவிட அடுத்ததில் கொஞ்சம் கூடுதலாகப் படிகாரம். சின்னத் துடுப்புகள் வேகமாகச் சுற்றும், பிறகு மெதுவாக, பிறகு நிற்கும். கலங்கல் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, தூக்கத்தில் இறங்குவது போல இறங்கும். அவள் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாலாவது," என்றாள்.

அன்றைக்கு ஊர் முழுக்கக் குடித்தது அந்த நாலாவதைத்தான்.

3

முடிவெடுப்பது அவள். பதவி அவளுடையது இல்லை. அறைக் கதவில் 'நிலையத் தலைவர் (பொறுப்பு)' என்று எழுதியிருந்தது. நிரந்தரமாக ஒருவர் வரும்வரை, என்று அர்த்தம். இரண்டு வருடமாக யாரும் வரவில்லை. அடைப்புக்குறிக்குள் குடித்தனம் நடத்துகிறேன் என்று சொல்லிச் சிரிப்பாள்.

நிரந்தரமாக்க விண்ணப்பம் போட வேண்டும். தேர்வானால் வேறு ஊரில் ஆறு மாதப் பயிற்சி. கடைசி நாள் காலையில், நிரப்பிய படிவத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். போடட்டுமா என்று கேட்டாள்.

கதை இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. கணவன் என்கிற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு வரைவில் அவன் போய் வா என்கிறான். யார் இந்த ஆள் என்பது போல அவள் பார்க்கிறாள். இன்னொன்றில் பேனாவை நீட்டுகிறான். அவள் வாங்கவில்லை. நான் எழுதுகிற பெண்ணே என்னை நம்ப மாட்டேன் என்கிறாள்.

மூன்றாவது வரைவில் அவன் பேசுவதே இல்லை. அவள் வேறு ஊரில் இருக்கிறாள். நீர்த்தொட்டிகளுக்கு நடுவே ஒடுக்கமான நடைபாதை. இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீரில் வானம். மேகத்தின் மேல் நடப்பது போல நடந்துபோகிறாள். திரும்பிப் பார்ப்பதில்லை. கூப்பிட எனக்கும் மனம் வரவில்லை. அங்கே ஒரு கதவு. அதில் அவள் பதவி மட்டும், அடைப்புக்குறி இல்லாமல்.

(அந்த வரைவில், அந்தக் கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்கு அவள் பைபாஸ் சாலையில் வரவில்லை. லாரி தன் பாட்டுக்குப் போய்விடுகிறது.)

4

நடந்தது இது. நான் சொன்னேன்: "இந்த வருஷம் விட்டுடேன். ஆறு மாசம் நான் தனியா என்ன பண்ணுவேன்?"

அவள் படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். கொடுக்கவில்லை என்று பிறகு அலுவலகத்தில் சொன்னார்கள்.

5

ஆய்வகத் தங்கச்சி, நான் நல்ல கணவனாக இருந்தேன் என்று எழுதினால் உனக்கு உதவும். தெரியும். மூன்று முறை முயன்றேன். இதைத்தான் அனுப்ப முடிகிறது. படித்துவிட்டு உன் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதை நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் இருவரும் எழுதிக்கொள்ளுங்கள். வாசிப்பவரும் எழுதிக்கொள்ளலாம்.

அவள் சொன்னதை மட்டும் மாற்றாமல் தருகிறேன். அன்று காலை கிளம்பும்போது வாசலில் ஒரு கையால் சுவரைப் பிடித்து, செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

"அடுத்த வருஷம் உன்னைக் கேக்க மாட்டேன், சொல்லிட்டேன்."