அழகம்மாவின் இரண்டு கைகள்

வட்டகொடை ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள கடை வரிசையில் மூன்றாவது கடை என்னுடையது. ‘மதுரன் ஸ்டூடியோ’ என்று பலகை போட்டிருக்கிறேன். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்களிடம் “சிரிக்காதீங்க” என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வேன். கல்யாண வீட்டிலும் சடங்கு வீட்டிலும் “கொஞ்சம் சிரிங்க” என்று தொண்டை வற்றக் கத்துவேன். இதெல்லாம் வயிற்றுக்காக எடுக்கிற படங்கள். எனக்காக எடுக்கிற படங்கள் வேறு. அதற்காகத்தான் விடிவதற்கு முன்னால் எழுந்து, கமராவை ஜாக்கெட்டுக்குள் பொத்திக்கொண்டு மலை ஏறுவேன். பைத்தியம் போகுது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சொல்வார்கள். சொல்லட்டும். இந்த மலையில் எந்த மாதம் எந்த முடக்கில் முதல் வெயில் விழும் என்று கேட்டால் எனக்குத் தெரியும், தோட்டத்துத் தொரைக்குத் தெரியாது.

ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிற வெளியாட்கள் எடுக்கிற படங்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாப் படத்திலும் ஒரு பெண் கொழுந்தைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். தேயிலை மலை என்றால் என்ன பல்பொடி விளம்பரமா என்று திட்டுவேன். இவ்வளவு வாய் பேசிய நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நுவரெலியாவில் ஓர் ஒளிப்படக் கழகம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை கண்காட்சி வைப்பார்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து அனுப்பினேன், ஐந்து வருஷமும் பதில்கூட வரவில்லை. ஆறாவது வருஷம் கழகத்துச் செயலாளர் அமிர்தநாதன் சேர் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, ஒங்க படம்தான் வாசலுக்கு நேரா மாட்டப் போறோம். நாலடி உயரத்துக்குப் பெருசாக்குறோம். அழைப்பிதழ்லயும் அதான்” என்றார். கடையில் படம் எடுக்க உட்கார்ந்திருந்த கந்தப்பன் மாமாவை அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷன் மேடை வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் பாவம், சிரிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் படத்தில் இருப்பது அழகம்மா. நாங்கள் ஒரே லயத்தில் பிறந்து ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் கமராவைப் பிடித்தேன், அவள் கொழுந்துப் பையைப் பிடித்தாள். தோட்டத்து மேல் டிவிஷனில் அவளை மிஞ்சிக் கொழுந்தெடுக்க ஆள் கிடையாது. நான் மூன்று மாதம் முன்பு ஒரு காலையில் மலைக்குப் போனபோது அவள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் பையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். மூடுபனி விலகி, அவள் பின்னால் வெயில் வந்தது. விட்டால் போய்விடும். “அழகம்மா, அப்படியே நில்லு!” என்று கத்தினேன். கை வெறுமையாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துச் செடியில் நானே ஒரு கொத்தை ஒடித்து அவள் கையில் கொடுத்து, “தூக்கிப் பிடி, சிரி” என்றேன். அவளும் அவசரத்தில், கையில் இருப்பது என்ன என்று பார்க்காமலே சிரித்தாள். படம் என்றால் படம், அப்படி ஒரு படம்!

செய்தி வந்த திங்கட்கிழமையே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, மத்தியானம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனேன். பெண்கள் பையை இறக்கிவிட்டு வரிசையில் நின்றார்கள். நுவரெலியாவில் நாலடி உயரத்துக்கு மாட்டப் போகிறார்கள் என்று சொல்லிப் படத்தைத் தூக்கிக் காட்டினேன். ஆ, ஊ என்று சத்தம் வரும், ஆளுக்கு ஒரு கோப்பை சாயத்தண்ணி வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை.

ராக்காயி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். “ஏண்டி அழகம்மா, மாட்டுக்கா புடுங்குன?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. அழகம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது.

“மதுரா, இது முத்தல் எலை.”

“அதனால என்ன?”

“என்னவா? பதினேழு வருசமா எடுக்குறேன். கொழுந்து நிறுக்குற கணக்கப்புள்ள ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் பையிலருந்து ஒரு முத்தலைப் பொறுக்கி வீசுனதுண்டானு கேட்டுப் பாரு. ரெண்டு எலை, ஒரு மொட்டு, அதுக்கு மேல என் கை போவாது. அதுவும் ஒத்தக் கையில தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். எவ ஒத்தக் கையில கொழுந்தெடுப்பா?”

அப்போதுதான் பார்த்தேன். பெரிய, தடித்த, கரும்பச்சை இலை. படத்தின் நட்டநடுவில், நான் பார்த்துப் பார்த்து வைத்த வெளிச்சத்தில், பளபளவென்று நின்றது. மூன்று மாதமாகத் தினம் பார்க்கிற படம். என் கண்ணுக்கு அது படவே இல்லை. என் அம்மா இருந்தவரை என்னைத் தேயிலைச் செடியில் கை வைக்க விட்டதில்லை. என் மகன் கையில் கறை படாது என்று சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமை இப்போது என் காலை வாரிவிட்டது.

தப்பு என் மேல் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. “நுவரெலியாவுல எலையையா பாப்பாங்க? வெளிச்சத்தப் பாப்பாங்க, ஒன் மொகத்தப் பாப்பாங்க” என்றேன்.

“நாங்க பாப்போம்ல” என்றாள். “நாலடியில மாட்டப் போறேங்கிற. பத்துத் தோட்டத்துச் சனம் வந்து போற எடம். இவதான் அழகம்மா, இவ எடுக்குற கொழுந்தப் பாருன்னு சொல்ல மாட்டாங்களா? அதை மாட்டாத.”

“எனக்கு ஆறு வருசக் கனவு அழகம்மா.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பியிருப்பேன். “போன வருசம் என் மக சடங்குக்குப் படம் எடுத்தியே, ஞாபகமிருக்கா? ஒரு படத்துல என் மாமியாரு கண்ண மூடிட்டாங்க. பரவால்ல, அதையும் போட்டுக் குடுன்னு கெஞ்சுனேன். நீ என்ன சொன்ன? ‘அது வெளிய போனா என் பேரு கெட்டுப்போகும்’னு சொன்ன. ஒனக்கு மட்டும்தான் பேரு இருக்கா?”

படத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

அன்று சாயந்திரம் அமிர்தநாதன் சேரைக் கூப்பிட்டுப் படத்தை மாற்ற வேண்டும் என்றேன். அவர் பதறிப்போனார். “என்ன தம்பி வெளையாடுறீங்களா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள வேற படம் தாங்க, குழுவுல வைக்கிறேன். எடுப்பாங்களான்னு என்னால சொல்ல ஏலாது. எடுக்காட்டி ஒங்க எடம் அடுத்த ஆளுக்குப் போயிரும்.” நியாயமான மனிதர், உள்ளதைச் சொன்னார். நான் கடைச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். எனக்கு அழுகை வந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது.

பெண்கள் தினம் ஒரு மலையாகச் சுற்றி வருவார்கள், எனக்கு வெளிச்சம் பழகிய அந்த மலையில் வாரம் ஒருமுறைதான் கொழுந்தெடுப்பு. இந்த வாரம் வியாழக்கிழமை. எனக்கு ஒரே ஒரு காலை இருந்தது. புதன்கிழமை லயத்தில் அழகம்மாவின் காம்பரா வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

“நான் நிக்க மாட்டேன்” என்றாள். “சிரிக்கவும் மாட்டேன். என் நெரையில என் வேலையப் பாத்துக்கிட்டு வருவேன். முடிஞ்சா நீ எடு.”

வியாழக்கிழமை, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் சொல்லிவிட்டு மலைக்குள் நுழைந்தேன். ஆளுக்கொரு நிரை பிடித்து, பெண்கள் செடிகளுக்கு நடுவே மேலேறி வந்தார்கள். நான் அழகம்மாவின் நிரையில் அவளுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தேன். நான் மலை ஏறுகிற ஆள் என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டதெல்லாம் பாதையில்தான். செடிக்குள் கால் வைக்க இடமில்லை. கவாத்து வெட்டிய கம்பு தொடையைக் கிழித்தது. இரண்டு தடவை விழுந்தேன், ஒரு தடவை தண்ணீர் ஓடுகிற கானுக்குள்ளேயே போய்விட்டேன், கமராவை மட்டும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு. “படம் எடுக்க வந்தானா, குளிக்க வந்தானா?” என்று ராக்காயி அக்கா பக்கத்து நிரையிலிருந்து கேட்டார். மலையே சிரித்தது. அழகம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை நிற்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்தக் கைகளை முதல்முதலாகப் பார்த்தேன். கூடவே வளர்ந்தவள், நான் நூறு தடவை படம் எடுத்தவள், ஆனால் முகத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. இரண்டு கையும் இரண்டு பக்கம் போகும். கண் ஒரு கொழுந்தில் இருக்கும்போது விரல் அதற்கு முந்தினதை ஒடித்து முடித்திருக்கும். முத்தலைத் தொடும், ஒடிக்காது. உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலே வீசுவாள், ஒன்றுகூடக் கீழே விழாது. நான் முதலில் எடுத்த இருபது படத்திலும் கை இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ இருந்தது. கல்யாண வீட்டில் ஓடுகிற குழந்தைகளைப் பிடிக்கிற வேகம் இவளுக்குப் போதவில்லை. ஷட்டரை இன்னும் ஏற்றினேன். வெளிச்சம் போதவில்லை. வெயில் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும் அல்லவா, அந்த ஒன்றுதான் அங்கே எனக்குத் தெரிந்தது. மேல் முடக்குக்கு அவள் வரவும் வெயில் வரவும் சரியாக இருக்கும் என்று கணித்து, அங்கே போய் ஈரத்தில் மண்டியிட்டுக் காத்திருந்தேன்.

வந்தாள். வெயிலும் வந்தது.

படம் கிடைத்துவிட்டது என்று பார்க்காமலே தெரிந்தது. ஆனாலும் உடனே கழகத்துக்கு அனுப்பவில்லை. மத்தியானம் படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு, மடுவத்தில் போய் வரிசையில் நின்றேன். பையோடு நிற்கிற பெண்களுக்குப் பின்னால், சேற்றுக் காற்சட்டையோடு நானும். ராக்காயி அக்கா போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். கணக்கப்பிள்ளைகூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார். இத்தனை வருஷத்தில் எந்த நடுவருக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை.

“ரெண்டு எலை, ஒரு மொட்டு” என்றார். “எடுத்துக்கலாம்.”

அழகம்மா போனை வாங்கிப் பார்த்தாள். ஒரு கைப்பிடிக் கொழுந்தை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டு நிறுக்கப் போனாள்.

கழகத்தில் அந்தப் படம் லேசில் தேறவில்லை. முதல் படத்தில் இருந்த சிரிப்பு எங்கே என்று கேட்டார்களாம். அமிர்தநாதன் சேர் வாதாடி இடம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் வாசலுக்கு நேரே இல்லை, உள்ளே மூலையில். நாலடி இல்லை, ஒன்றரை அடி. அழைப்பிதழில் ஓர் அருவி வந்தது. நல்ல அருவிதான், என்ன, வயிறு கொஞ்சம் எரிந்தது.

இரண்டு வாரம் கழித்து, கண்காட்சி தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் டிவிஷனிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் நுவரெலியாவுக்கு வந்து இறங்கினார்கள். தீபாவளிப் புடவை, தலை நிறையப் பூ. வாசலில் இருந்த படத்தை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே மூலைக்குப் போனார்கள். படத்தின் கீழே நான் எழுதிக் கொடுத்தபடியே அச்சடித்திருந்தது: ‘கொழுந்தெடுப்பவர் அழகம்மா. படம் மதுரன்.’ அவள் பெயர்தான் முதலில். அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள்.

கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்தார். “வெளிச்சம் நல்லாயிருக்கு. ஆனா மொகம் சரியா விழல்லையே. குனிஞ்சில்ல இருக்காங்க. யாருன்னே தெரியுதில்ல” என்றார்.

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அழகம்மா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்து, நிமிர்ந்து நின்று, கறுத்துக் காய்த்துப்போன இரண்டு கைகளையும் படத்துக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்தாள்.

“மொகத்த விடுங்க சேர்” என்றாள். “கையப் பாருங்க. நான்தான்.”