சிவப்புக் குழாயில் பச்சைத் தண்ணீர்

பரக்கத் அலி சவூதியின் தம்மாமிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, பாலக்கரை வீட்டில் முதலில் வேலை இழந்தது கீசர்தான். மனுஷன் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. நேராகக் குளியலறைக்குள் போனார், கீசர் சுவிட்சை அணைத்தார், வெளியே வந்து அறிவித்தார்.

"வெயில் காலம் முடியுற வரைக்கும் இந்த வீட்டுல சிவப்புக் குழாயில பச்சைத் தண்ணி, நீலக் குழாயில வெந்நீர். எல்லாரும் ஞாபகம் வச்சுக்கங்க."

பாலைவனத்து வெயிலில் புருஷனுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று நஜீமா பயந்தாள். ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. சித்திரை மாதம் மொட்டை மாடியில் இருக்கும் கருப்புத் தொட்டியில் தண்ணீர் மத்தியானத்துக்குள் கையைச் சுடும். நீலக் குழாயில் வருவது அதுதான். அணைத்து வைத்த கீசருக்குள் இருக்கும் தண்ணீரோ வீட்டு நிழலில் கிடந்து ஆறிப்போயிருக்கும். சிவப்புக் குழாயைத் திறந்தால் அது வரும். தம்மாமில் எல்லாரும் கோடையில் இப்படித்தான் குளிப்பார்களாம். இத்தனை வருஷம் சம்பாதித்ததில் உருப்படியாகக் கொண்டு வந்தது இதைத்தான் என்பதுபோல அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அதோடு விட்டாரா? மாடித் தரை முழுக்கத் தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்தார். வெயில் அதில் பட்டுத் திரும்பிப் போக, கீழே அறை கொஞ்சம் தணிந்தது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏசி ரிமோட் சட்டைப் பைக்குள் போயிற்று.

"அந்தத் தொட்டிக்கும் வெள்ளையடிச்சிருங்களேன்" என்றாள் நஜீமா.

"அது நம்ம பாய்லர் நஜீமா. அதுல மட்டும் கை வைக்காதே."

மகள் அல்ஷிஃபா தலைப்பிரசவத்துக்கு வந்த அன்றைக்கே ரிமோட் சட்டைப் பையிலிருந்து அவள் கைக்கு மாறியது. மகள் என்றால் சிக்கனமெல்லாம் பறந்துவிடும் அவருக்கு. பெண் குழந்தை பிறந்தது, மாஷா அல்லாஹ். குளிர் பிள்ளைக்கு ஆகாது என்று அல்ஷிஃபாதான் ஏசியைப் போடவே இல்லை.

நாற்பது நாளும் மகளை வைத்திருந்து, தன் கையால் தண்ணீர் ஊற்றி அனுப்ப வேண்டும். நஜீமாவுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். சம்பந்தியம்மா கமர் ஜஹானுக்கு அதில் அரை மனசு. கே.கே. நகரில் அவர் வீட்டில் அறைக்கு அறை ஏசி. பிள்ளையைப் பார்க்க மகன் நவ்ஷாத் கொண்டு வந்து விடும்போதெல்லாம் விட்டத்தைப் பார்ப்பார், விசிறிக்கொள்வார்.

"ஏதாவது குறைன்னா சொல்லுங்க சம்பந்தி. கையோட கூட்டிட்டுப் போயிடறேன்" என்பார். நஜீமா அவசரமாக ஃபேனைக் கூட்டி வைப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பரக்கத் அலி ஜும்மா முடிந்து வந்து உட்கார்ந்த நேரம். "இன்னைக்கு நான் ஊத்தறேன், நீங்க பிள்ளையைப் பிடிங்க" என்று கமர் ஜஹான் முந்தானையைச் செருகிக்கொண்டு மருமகளோடு குளியலறைக்குள் போய்விட்டார். நஜீமா பேத்தியை மடியில் போட்டுக்கொண்டாள். குழாய் விஷயத்தை யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கே அது பழகிப் போயிருந்தது; சொல்ல வேண்டும் என்று தோன்றினால்தானே.

கமர் ஜஹான் சிவப்புக் குழாயைத் திறந்தார், வாளியை நிரப்பினார். முகமெல்லாம் எண்ணெயோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அல்ஷிஃபாவின் முதுகில் ஒரு சொம்பு ஊற்றினார். "மாமி" என்று அவள் போட்ட சத்தத்தில் பிள்ளை விழித்து வீறிட்டது.

"பச்சை உடம்புக்காரிக்குப் பச்சைத் தண்ணியா? கரண்டை மிச்சம் பிடிக்க என் மருமகதான் கெடச்சாளா உங்களுக்கு?" கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "நவ்ஷாதுக்குப் போன் போடுங்க. காரை எடுத்துட்டு வரட்டும். இப்பவே இவளைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

நஜீமா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நவ்ஷாதுக்குப் போன் போட்டாள். ஆசைப்பட்டதெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீரில் போயிற்றே என்று கண் கலங்கியது. பரக்கத் அலி நாற்காலியிலிருந்து எழுந்தார். உள்ளே போக முடியாது. கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"சம்பந்தி, நீலத்தைத் தொறங்க. கையை மட்டும் வச்சிராதீங்க."

கமர் ஜஹான் கையைத்தான் முதலில் வைத்தார். "யா அல்லாஹ்" என்ற சத்தம் கேட்டது. பிறகு இரண்டு குழாயும் மாறி மாறித் திறக்கும் ஓசை. கொஞ்ச நேரத்தில் அல்ஷிஃபா, "இதுதான் மாமி சரியான சூடு" என்றாள்.

வெளியே வந்த கமர் ஜஹான் விரலை ஊதிக்கொண்டே, "கீசரை எப்பப் போட்டீங்க?" என்று கேட்டார்.

"போட்டே மாசக்கணக்காச்சு" என்றாள் நஜீமா. எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். கமர் ஜஹான் நம்பாமல் மாடிக்கே போய்த் தொட்டியைத் தொட்டுப் பார்த்தார், வெள்ளைத் தரையைப் பார்த்தார், இறங்கி வந்து அறையில் உட்கார்ந்தார். விசிறிக்கொள்ள மறந்துவிட்டார்.

நவ்ஷாத் காரோடு வந்து நின்றான். "அல்ஷிஃபா இருக்கட்டும். உன் மாமனாரை ஏத்திக்க" என்றார் அவன் அம்மா. "நம்ம வீட்டுக் கீசரையும் மாடியையும் ஒரு தடவை பார்க்கட்டும்."

"நாற்பது முடியட்டும் சம்பந்தி" என்றார் பரக்கத் அலி. "அதுவரைக்கும் எனக்கு இங்க வேலை இருக்கு."

என்ன வேலை என்று நஜீமாவுக்கும் புரியவில்லை. மறுநாள் மத்தியானம் குளியலறைக்குப் போனாள். மகளுக்கான வாளி நிரம்பியிருந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். அல்ஷிஃபா பிறந்தபோது அவர் தம்மாமில் இருந்தார். மகளை முதன்முதலாகத் தூக்கியபோது அவள் நடக்கவே ஆரம்பித்திருந்தாள்.

"பாரு, சரியா இருக்கா?" என்றார்.

நஜீமா கையை விட்டுப் பார்த்தாள். கச்சிதமான சூடு. "இன்னும் ஒரு சொம்பு நீலத்துலேர்ந்து ஊத்துங்க" என்றாள். அவர் ஊற்றுவதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு.